தாய்க்கரடிக்கு நான் கொடுத்த குரல்

திருகோணமலை,
17.8.1967

பெருமதிப்புக்குரிய மச்சான் இரத்தினசிங்கம் அவர்களுக்கு,

கோணேசர் அருளால் இங்கு எல்லோரும் உடம்பளவில் சுகம். மனதளவில் நான் மட்டும் சுகமில்லை. உங்கள் தங்கை குணேஸ்வரி என்னோடு பேசி இன்றைக்கு ஐந்து நாள்.

வாசிகசாலைப் படக்காட்சிகளில் மைக் பிடித்துத் தமிழில் விளக்கம் சொல்பவன் நான் என்பது நீங்கள் அறிந்ததே. பிறநாட்டுப் படம் எதுவானாலும், எனக்கு விளங்காவிட்டாலும் சனத்துக்கு விளங்கவைத்துவிடுவேன். போன சனிக்கிழமை வந்தது ஒரு கரடிக் குடும்பத்தின் படம். கம்பளித் துணிப் பொம்மைகளை இம்மி இம்மியாக அசைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். நடக்கின்றன, சாப்பிடுகின்றன, கொட்டாவிகூட விடுகின்றன. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. "மாஸ்டர், இதுக்கு விளக்கம் தேவையில்லை, சும்மா இருந்து பாருங்கோ" என்றார் படம் ஓட்டும் கலீலுர் றஹ்மான். கேட்டிருக்கலாம். மைக் பிடித்த கை சும்மா இருக்குமா? தகப்பன் கரடி மீனோடு வீட்டுக்கு வர, தாய்க்கரடி இடுப்பில் கையை வைத்தது. அந்த நிற்பைக் கண்டதும் எனக்கு வேறு குரல் வரவில்லை, மச்சான். "இஞ்சேரப்பா, இதென்ன மீன்? சல்லிக் கடற்கரையில நாறிக் கிடந்ததையோ பொறுக்கிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று விட்டேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் மயங்கி, படம் முடியும்வரை தாய்க்கரடியை ஓயவிடவில்லை. அத்தனையும் வீட்டில் நான் தினமும் கேட்பவை. மூன்றாம் வரிசையில் உங்கள் தங்கை இருந்ததை விளக்குப் போட்ட பிறகுதான் கண்டேன்.

மறுநாள் மீன்கார முனாப் வேறு, "கரடியம்மாவுக்கு நல்ல மீன் கிடக்கு" என்று சொல்லிவிட்டாராம். அதோடு எங்கள் வீடும் பேசாப் படமாகிவிட்டது. சோற்றுக் கோப்பை வருகிறது, மேசையில் இருக்கிறது, போகிறது. பத்தொன்பது வருடம் ஏச்சுக் கேட்டவனுக்கு இந்த அமைதி தாங்க ஏலாது, மச்சான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளுடைய கதைபேச்சு இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. தயவுசெய்து மூதூரிலிருந்து முதல் லோஞ்சுப் படகில் ஏறி வந்து, அவளை ஒரு சொல்லாவது பேச வையுங்கள்.

உங்கள் வீட்டார் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஏச்சுக்கு ஏங்கும்
ஞானசேகரம்

பி.கு.: மச்சான், அவசரமில்லை. உறையை ஒட்டுமுன் குணேஸ்வரி இதை எடுத்து வாசித்துவிட்டாள். "நாறின மீன் எண்டு நான் எப்ப சொன்னனான்? பழுதாப்போன மீன் எண்டெல்லோ சொன்னனான்! சொல்லத் தெரியாட்டி மைக்கை ஏன் பிடிப்பான்?" என்று தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை. சனம் கேட்டதால் அடுத்த சனிக்கிழமை அதே படம் திரும்பவும் ஓடுகிறது. மைக் அவளிடமாம். அன்றைக்கு வாருங்கள். தகப்பன் கரடிக்கு வசனமே இல்லை என்று இப்போதே சொல்லிவிட்டாள்.