மாப்பிள்ளைக்கு வைத்த கிரீம் நலங்கு

கவின், நிலா, உங்கள் டார்ச் டாக்டரைப் பற்றி எழுதி வைக்கிறேன். நீங்கள் வளர்ந்தபின் சொன்னால், அப்பா கதை விடுகிறார் என்பீர்கள்.

நம் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் அந்த டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்க்காத விரலிடுக்கே கிடையாது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கை நீட்டினால் குலுக்க மாட்டார், திருப்பிப் பார்ப்பார். கோயில் வரிசையில் முன்னால் நின்றவரின் கழுத்தில் டார்ச் அடித்து, "படர்தாமரை, அண்ணே. கண்ட கிரீமையும் போட்டுச் செடி மாதிரி வளர்த்திருக்கீங்க லா" என்றவர் அவர்.

செலாயாங் மார்க்கெட்டுக்கு லோரி ஓட்டிக்கொண்டு, நண்பர்களோடு ஒரே மெத்தையில் படுத்துக் கிடந்த உங்கள் சின்ன மாமா, கல்யாணத்துக்காக நம் வீட்டுக்கு வந்தார். மணிக்கட்டு, வயிறெல்லாம் கொப்புளம். பெரிய அத்தை ஒரே பார்வையில் அம்மை என்று தீர்ப்புச் சொல்லி, வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். அம்மை கண்ட வீட்டில் நல்ல காரியம் கூடாதாம், கிள்ளானில் கல்யாணத்துக்குப் பிடித்திருந்த மண்டபத்தை விட்டுவிட வேண்டுமாம். தேதி தள்ளினால் பெண் வீட்டார் மனம் மாறிவிடுவார்களோ என்று மாமா சோற்றையே தொடவில்லை.

நான் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தேன். வேப்பிலையை ஒதுக்கிக்கொண்டு நுழைந்தவர், நேராக மாமாவின் விரலிடுக்கில் டார்ச் அடித்தார்.

"ராத்திரிதான் ரொம்ப அரிக்குதா?"

"ஆமா டாக்டர்."

"அம்மை இல்ல. சொறிப்பூச்சி. தோலுக்குள்ள குடித்தனம் நடத்துது. வீட்ல எல்லாரும் இன்னைக்கே கழுத்துலேருந்து கால் வரைக்கும் கிரீம் தடவணும்."

தனக்கு அரிக்கவே இல்லையே என்றார் அத்தை.

"அரிப்பு தெரிய ஒரு மாசம்கூட ஆகும், ஆன்டி. அதுக்குள்ள பூச்சி பேரப்பிள்ள எடுத்துடும்."

பெண்ணிடம் மறைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். மாமா போன் போட்டார். முழுவதும் கேட்ட பெண், "அப்ப தேதி மாறாதுதானே?" என்று மட்டும் கேட்டாள். போனை வைத்ததும் மாமா சோறு கேட்டார்.

கிரீம் ராத்திரி முழுக்க உடம்பில் இருக்க வேண்டுமென்று, அன்று மாலை வைக்க வேண்டிய நலங்கை டாக்டர் மறுநாளுக்குத் தள்ளிவிட்டார். அத்தைக்கு மனம் ஆறவில்லை. மாமாவை மணையில் உட்காரவைத்து, மஞ்சளுக்குப் பதில் கிரீமைத் தடவி, ஆரத்தியும் எடுத்தார். "முதுகு விட்டுப்போச்சு, ஆன்டி" என்று பின்னாலிருந்து டார்ச் அடித்தார் டாக்டர். மறுநாள் காலையில் குளியல். படுக்கை, துணியெல்லாம் வெந்நீரில். அடுத்த வாரம் இன்னொரு தடவை கிரீம்.

கல்யாண மேடையில் மாமா மறுபடி சொறிந்தார். அத்தையின் கண் வேப்பமரம் தேடியது. டாக்டர் ஆசீர்வாதம் செய்கிற மாதிரி மேடையேறி, மாப்பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பூச்சி செத்துடுச்சு. அரிப்புக்கு இன்னும் சேதி போகல. தாலியக் கட்டுங்க."

மாமா கட்டினார். டாக்டரோ, பந்தியில் பரிமாறுகிறவர்களின் கைகளைச் சோதிப்பதிலேயே நேரத்தைக் கழித்துவிட்டு, கிளினிக் திறக்கணும் என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

உங்களை வீட்டில் விட்டபின் நான் மட்டும் அவர் கிளினிக்குக்குப் போனேன். உள்ளே ஒரு குழந்தையின் தலையில் குனிந்திருந்தார். கூப்பிடவில்லை. பந்தியிலிருந்து அவருக்கென்று புங்குஸ் போட்டுப் பொட்டலமாகக் கட்டி வந்த சாப்பாட்டைக் கதவுக் கம்பியில் மாட்டினேன். பாயசம் சிந்திவிடும் போலிருந்தது. பையை நேராக்கி, இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன்.