பன்றிப்பட்டியில் தேறாத வண்டி

அயோவாவில் பன்றிகளோடும் என் அக்காளோடும் சௌக்கியமாக இருக்கும் மச்சான் வெண்டெல் அவர்களுக்கு, வர்ஜீனியாவிலிருந்து ராணுவக் கொள்முதல் அலுவலகத்து எர்ல் வணக்கத்துடனும் நிறைந்த நன்றியுடனும் எழுதுவது. (அக்காளை இரண்டாவதாக எழுதியதை அவளிடம் காட்ட வேண்டாம்.)

காயம்பட்ட வீரரைச் சுமந்துகொண்டு, முன்னால் நடக்கும் மருத்துவ வீரர் பின்னாலேயே தானாக வரும் எங்கள் வண்டி உங்களுக்குத் தெரியும். புதுக் கருவி எதுவானாலும் அரசாங்கத்தில் முதிர்ச்சி பார்த்து எண் போடுவார்கள். வெறும் யோசனை என்றால் ஒன்று, போர்க்களத்திலேயே உழைத்துத் தேறியது என்றால் ஒன்பது. ஆறு வந்தால்தான் அடுத்த கட்டத்துக்கு அனுமதி. நாங்களே எங்களுக்கு ஆறு போட்டுக்கொண்டோம். எங்கே சோதித்தீர்கள் என்று மதிப்பீட்டாளர் ஹாலிஸ் அம்மாள் கேட்டார்.

"கார் நிறுத்துற இடத்துலதான். ஆனா குழாய்த் தண்ணி அடிச்சு நல்லா நனைச்சோம் மேடம்."

"உங்க சண்டையெல்லாம் கார் நிறுத்துற இடத்துலயா நடக்குது? சேறு எங்க?"

சேறு என்றதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. தப்பாக நினைக்காதீர்கள்.

அந்த அம்மாளையும் கூட்டிக்கொண்டு வண்டியை உங்கள் பன்றிப்பட்டிக்கே கொண்டுவந்தோம். அப்புறம் நடந்ததை நீங்களே வேலிமேல் உட்கார்ந்து பார்த்தீர்கள். காயம்பட்டவருக்குப் பதிலாகச் சோள மூட்டையை ஏற்றிவிட்டு, மருத்துவ வீரருக்குப் பதிலாக நானே சேற்றில் முன்னால் நடக்க, வண்டியும் கொஞ்ச தூரம் சமர்த்தாக என் பின்னால் வர, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அதற்குள் உங்கள் கிழட்டுப் பன்றி மில்ட்ரெட் குறுக்கே போக, வண்டி என்னை அம்போவென்று விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போய்க் குட்டைக்குள் இறங்கிவிட்டது. "எர்லு, உன்னவிட அவ நடை அழகுன்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சுடா!" என்று நீங்கள் கத்தியது ஹாலிஸ் அம்மாள் காதிலும் விழுந்தது. நாலு போட்டார். ஊர் திரும்பும்வரை அந்த அம்மாளையும் உங்களையும் நான் மனசுக்குள் திட்டாத திட்டில்லை.

வீட்டுக்கு வந்தால், உங்கள் மகள் கோரின் முகாமிலிருந்து படம் அனுப்பியிருந்தாள். முழங்கால்வரை சேறு, முகம் நிறையச் சிரிப்பு. எங்கள் வண்டி முதலில் போவதாக இருந்தது அவளுடைய படைப்பிரிவுக்குத்தான். மச்சான், அந்த மூட்டை இருந்த எடத்துல நம்ம பொண்ணு படுத்திருந்தா? உடனே ஹாலிஸ் அம்மாளுக்குப் போன் போட்டு, "நாலு போட்டதுக்கு உங்களுக்குக் கோடி புண்ணியம் மேடம்" என்றேன். "நாலே தாராளம்தான்" என்றார்.

பட்டி தந்த உங்களுக்கும், குட்டை காட்டிய மில்ட்ரெட்டுக்கும் ஆயுசு முழுக்க நன்றி. அந்த வண்டியை இனி உங்கள் நிலத்துப் பக்கமே கொண்டுவர மாட்டேன், இது சத்தியம். அக்காளுக்கு அன்பு, கோரினுக்கு முத்தம்.

நன்றி மறவாத மைத்துனன்,
எர்ல்

பின்குறிப்பு: குட்டையில் இறங்கிய வீடியோவை விவசாயத் துறைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். பன்றியை இவ்வளவு விசுவாசமாகப் பின்தொடரும் வண்டியை அவர்கள் கண்டதே இல்லையாம். தீவனம் சுமக்க வேண்டுமாம். ஹாலிஸ் அம்மாளும் "பட்டிக்குன்னா ஆறு தரலாம்" என்கிறார். செவ்வாய்க்கிழமை வண்டியோடு வருகிறோம். மில்ட்ரெட்டைக் குளிப்பாட்டிவிடாதீர்கள், அப்புறம் சோதனை செல்லாது.