வெந்நீர்த் தொட்டியை ஒட்டிப் போகும் பாதை

ஸ்கோர்டால், செப்டம்பர் 9, செவ்வாய்

மதிப்பிற்குரிய ஹல்வர் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் சுன்னிவா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், இடது முழங்கால் நீங்கலாக. ஓஸ்லோவில் நீங்களும் சொல்வெய்க் அத்தையும் சுகமாயிருப்பீர்கள். இங்குள்ள உங்கள் விடுமுறை மலைவீட்டு முற்றத்தில் நீங்கள் ஊறும் வெந்நீர்த் தொட்டியும் சுகம்தான். அதை நேரிலேயே பார்த்துவிட்டேன்.

மலைவீட்டு உரிமையாளர் சங்கத் தலைவராக நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ‘சம்பந்தப்பட்டவருக்கு’ என்று தொடங்கியிருந்தீர்கள். சம்பந்தப்பட்டவள் நான்தான். உங்கள் தொட்டியை ஒட்டிப் போகும் பாதையில் மிதிவண்டி ஓட்டியது நான்தான். இனியும் ஓட்டுவேன்.

அந்தப் பாதையை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்களும் நானும் பிறந்த கடற்கரை ஊர் உள்ளங்கை போலத் தட்டை. அங்கே ஓர் இறக்கம் வேண்டுமென்றால் மாட்டுக்கொட்டகைக் கூரையில்தான் ஏற வேண்டும். மே மாதம் நகராட்சியின் வீட்டுச் செவிலி வேலைக்கு இங்கே வந்தேன், ஒரு மாதம் சரளைச் சாலையில் ஏறி அதே சாலையில் இறங்கி அலுத்துப் போனேன், ஜூனில் ஒருநாள் உச்சியில் பனிமூட்டம் கவிந்து சாலை காணாமல் போக, ஆட்டு மணிச் சத்தத்தை நம்பிப் போய் இடுப்புவரை சதுப்பில் இறங்கி, வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மறுகரை ஏறினால், காலடியில் பாதை. அடுத்த இருபது நிமிடம் நான் மனுஷியாகவே இல்லை மாமா. முதலில் வழுவழுப்பான சாய்ந்த பாறை, பிறகு படிக்கட்டு போல வேர்கள், பிறகு பூர்ச்ச மரங்களுக்கு நடுவே வளைவுக்குப் பின் வளைவு. கோடை மேய்ச்சலுக்குப் போன மாடுகள் போட்ட பாதை அது. மாட்டுக்குத் திடீர்த் திருப்பம் பிடிக்காது, மிதிவண்டிக்கும் பிடிக்காது. கூட்டுறவுக் கடையின் பின்பக்கம், காலி பாட்டில் வாங்கும் இயந்திரத்தருகே கத்திக்கொண்டே வந்து நின்றேன். அங்கே பாட்டில் போட்டுக்கொண்டிருந்தவள் என் வீட்டுச் சொந்தக்காரி ஓஷில்ட். அவளுடைய டயர் பட்டறைக்கு மேலேதான் குடியிருக்கிறேன்.

“என்னடி, எந்தச் சேத்துல புரண்டுட்டு வர்ற?”

“ஒரு பாதை கண்டுபிடிச்சிருக்கேன்!”

“அது நானூறு வருஷமா அங்கதான் கெடக்கு. பல்லெல்லாம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப மெதுவாத்தான் வந்திருக்க.”

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஆதாரம் வைத்திருந்தீர்கள்: உச்சியில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் வருகைக் குறிப்பேட்டின் படங்கள். பதினான்கு இடங்களில் என் பெயர், தேதி, வானிலை. ஓரிடத்தில் ‘இன்று பிரேக்கைத் தொடவே இல்லை’ என்ற பெருமை வேறு. உச்சி ஏறிவிட்டுப் பெயர் எழுதாமல் இறங்க நம்மால் முடியுமா மாமா? வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஓடுகிறவன்கூட நம் நாட்டில் வழியில் உச்சி வந்தால் நின்று எழுதிவிட்டுத்தான் ஓடுவான். அதே ஏட்டில் உங்கள் பெயரைத் தேடினேன். பன்னிரண்டு வருஷமாக இங்கே வீடு வைத்திருக்கிறீர்கள். ஒரு தடவைகூட இல்லை; படமெடுக்கவும் ஆள்தான் அனுப்பியிருப்பீர்கள்.

இனி போன மாதக் கடைசி ஞாயிறு நடந்தது. நீங்கள் சொல்வது போல நான் ‘அத்துமீறிப் பாய’வில்லை. எப்போதும் போல வளைவில் திரும்பினேன், எதிரே புதுப் பலகை: ‘தனியார் இடம். மிதிவண்டிக்கு அனுமதி இல்லை.’ படித்தேன், முன்பிரேக்கை அழுத்தினேன், வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. விழுந்த இடத்திலிருந்து உங்கள் தொட்டி பதினோரு அடி. அதில் ஊறிக்கொண்டிருந்த நீங்கள் எழுந்து நின்றீர்கள். நின்றிருக்க வேண்டாம்.

“யாருய்யா அது? பலகைய படிக்கத் தெரியாதா?”

“படிச்சதாலதான் மாமா விழுந்தேன்.”

“சுன்னிவாவா?”

“ஆமா. மொதல்ல உக்காருங்க மாமா. உங்க கால்ல விழறேன், உக்காருங்க.”

தினமும் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டுகிறேன், எனக்கு எதுவும் புதிதில்லை. ஆனாலும் தாய்மாமன்.

கடிதத்தின் அடியில் பேனாவால் எழுதியிருந்தீர்களே, ‘நீ நம் குடும்பம், நீ மட்டும் ஓட்டிக்கொள், வெளியே சொல்லாதே’ என்று. அதுதான் எனக்கு எரிந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரத்து நூறு மலைவீடுகள். வருஷத்தில் இருபது நாள்தான் விளக்கு எரியும், ஆனால் ஆளில்லாத வாசலில் பனி தங்கிவிடக் கூடாதென்று குளிர்காலம் முழுக்கத் தரைக்கடியில் சூடு ஓடுமாம். நான் பார்க்கப் போகும் டொர்கெல் கிழவரின் வீட்டில் ஓர் அறையில்தான் சூடு; இந்தச் செப்டம்பரிலேயே என் கோட்டைக் கழற்றாமல்தான் அவர் கால்களைக் கழுவுகிறேன். வேலை பார்க்க வந்தவளுக்கு வீடு கிடைக்கவில்லை, டயருக்கு மேலே தூங்குகிறேன். அதையெல்லாம் பொறுத்தேன். பாதையை விடமாட்டேன். நிலம் எவருடையதானாலும் மலையில் நடக்கவும் ஓட்டவும் எல்லாருக்கும் உரிமை உண்டு, சட்டமே சொல்கிறது. உங்களுக்கு முன்னால் மாடு வந்தது மாமா. எனக்கு மட்டும் என்ற சலுகை வேண்டாம். எல்லாருக்கும் வேண்டும். இந்தக் கடிதத்தின் நகலைப் பாதையின் வரைபடத்தோடு கூட்டுறவுக் கடைச் சுவரில் இன்றே ஒட்டப் போகிறேன்.

அத்தைக்கு என் அன்பு. அம்மா உங்களை விசாரிக்கச் சொன்னாள். கூடவே என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. உங்கள் தொட்டி ஆறாதிருக்கட்டும், உங்கள் பலகை விழட்டும்.

இப்படிக்கு,
அடங்காத மருமகள்
சுன்னிவா

பி.கு.: தபால்தலை இல்லாததால் கடிதம் சனிக்கிழமைவரை என்னிடமே தங்கிவிட்டது. இதற்குள் பலகையை யாரோ பிடுங்கிவிட்டார்கள். இன்று காலை ஆசையாக ஏறினேன். உச்சியில், நான் ஒட்டிய வரைபடத்தைப் பார்த்து வந்த முப்பத்தொரு பேர் மிதிவண்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். குறிப்பேட்டில் எழுத இடமில்லை. என் வளைவுகளெல்லாம் உழுத வயல். ஓரமாக நுழையப் பார்த்தேன்; ஓஷில்ட் சட்டையைப் பிடித்து இழுத்து, “வரிசைல நில்லுடி, பொதுப் பாதை” என்கிறாள். பாதை எல்லாருக்கும் என்று எழுதியபோது, எல்லாரும் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை மாமா. வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு பலகை கிடைக்குமா? கொஞ்சம் பெரிதாக. குழியை நானே தோண்டிவிடுகிறேன்.