நடுவதற்கு முன் போட வேண்டிய பொடி

தக்காளிப் பாத்தியில் மறுபடியும் ஒன்று முளைத்திருந்தது. இலை கிடையாது, பச்சை கிடையாது. வெளிறிய தண்டு, உச்சியில் ஊதாப் பூ. தக்காளியின் வேரை உறிஞ்சிக்கொண்டு, வாடகை கொடுத்துக் குடியிருப்பதுபோல் ஜம்மென்று நின்றது.

ஓய்வுபெற்ற கம்பவுண்டர் அதைக் கத்தரிக்கோலால் வெட்டினார். கத்தரிக்கோலை, மனைவி ஜன்னலில் வைத்திருந்த காலி டம்ளரில் போட்டார். அவள் இருந்தவரை அதில் எப்போதும் ஏதாவது பூ இருக்கும். என்ன பூ என்று அவர் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் அதே இடத்தில் நான்கு முளைத்தன.

பன்னிரண்டு நாற்றும் அவள் நட்டவை. நட்ட எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. "பாத்தியைப் பாத்துக்குங்க" என்றாள், அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்று. அதையும் செய்யாவிட்டால் அவர் என்ன மனுஷன்?

விதைக்கடைக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "ஆளி விதைப் பிண்ணாக்குப் பொடி. மண்ணுல கலந்து தண்ணி விடுங்க. களை அழிஞ்சிடும்."

"ஒண்ணு போதுமா?"

"தாராளமா."

கம்பவுண்டர் மூன்று போட்டார். பாசம் அளவு பார்க்குமா?

இரண்டு வாரத்தில் பாத்தி முழுக்க ஊதா. தக்காளி இலைகள் சுருண்டன. கடைக்கு ஓடினார்.

"களை சாகும்னீங்க. பத்திரிகை வச்சு அழைச்ச மாதிரி கூட்டமா வந்து நிக்குது!"

"நடுறதுக்கு முன்னாடிதானே போட்டீங்க?"

"பின்னாடி."

கடைக்காரர் தலையில் கைவைத்தார். "வெறும் மண்ணுல போடணும் சார்! பொடி பட்டதும், வேர் வந்துடுச்சுன்னு ஏமாந்து களை விதை முளைக்கும், உறிஞ்ச வேர் இல்லாம பட்டினியில செத்துடும். நீங்க அதை எழுப்பிப் பந்தியில உக்கார வச்சிருக்கீங்க."

நாற்பது வருஷம் 'சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்' என்று மாத்திரை உறையில் எழுதிக் கொடுத்த கை அது. மருந்து கொடுத்தே பழகியவருக்கு, வாங்கும்போது கேட்கத் தோன்றவில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"கையால பிடுங்குங்க. வேற வழியில்ல."

பிடுங்கினார். களையோடு தக்காளி வேரும் கூடவே வந்தது. நிறுத்தவும் மனசில்லை, இடுப்பும் நிமிரவில்லை. சாயங்காலம் வாளி நிறைய ஊதாப் பூ இருந்தது. பன்னிரண்டு செடியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்து, குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அவ தக்காளியைக் காப்பாத்த முடியலம்மா" என்றார் அவர்.

"தக்காளி போனா போகுதுண்ணே, அழாதீங்க" என்றவளின் பார்வை வாளியில் விழுந்தது.

"ஐயோ, பூவையெல்லாமா பிடுங்கிட்டீங்க? அக்காவுக்குத் தக்காளி பிடிக்கவே பிடிக்காதுண்ணே. இந்தப் பூவுக்குத் தனியா வாழத் தெரியாதுன்னுதான் வருஷா வருஷம் தக்காளியை நட்டாங்க."