நம்ம ஓட்டல்

"நாப்பதாவது கல்யாண நாளுக்கு வேற எங்கயும் வேண்டாம். நம்ம ஓட்டலுக்கே போவோம்" என்றாள் ரெமெடியோஸ்.

கணவர் எலாடியோ ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்தபடி, "அதைத்தான் நானும் நெனச்சேன்" என்றார். எந்த ஓட்டல் என்பது அவருக்குச் சுத்தமாக நினைவில்லை.

தேனிலவு கிரனாடாவில் என்பது வரைக்கும் தெரியும். மார்தோஸ் ஊர் மதுக்கடையில் அந்த மூன்று நாள் கதையை ஆயிரம் தடவை அளந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அறையின் பால்கனி ஒரு முழம் நீளும். ஆனால் கிரனாடாவில் பேர்போன பழைய ஓட்டல்கள் இரண்டு. ஒன்று பிரபு வாழ்ந்த மாளிகை, மற்றது கன்னியாஸ்திரிகள் இருந்த மடம். இரண்டில் எது?

கேட்டால் தொலைந்தது. அந்த நாட்களை மறந்தவன் அவளையே மறந்தவன் என்றாகிவிடும். அவருக்கும் ஏக்கம் இல்லாமல் இல்லை. எண்ணெய் ஆலையில் தேய்ந்துபோன வருஷங்களைத் தள்ளி வைத்துவிட்டு, பால்கனியில் நிற்கும் இருபத்திரண்டு வயது ரெமெடியோஸை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

நூல் விட்டுப் பார்த்தார். "அந்த முற்றத்து ஆரஞ்சு மரம்..."

"ஐயோ, அதை நீ மறக்கலியா!" அவள் முகம் மலர்ந்தது. "பூத்தா வாசம் ரூம் வரைக்கும் வருமே!"

ஆரஞ்சு மரம் மடத்து ஓட்டலில்தான் உண்டு. உடனே போன் போட்டு அறை எடுத்தார். அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார்.

அவர் எழுந்ததும் ரெமெடியோஸ், "படுத்துக்கிட்டே மேல பாத்தா கூரை மரத்துல செதுக்கினது அத்தனையும் நட்சத்திரம். அதான் எனக்கு உசிரு" என்றாள்.

எலாடியோ போன் இருக்கும் பக்கம் நழுவினார். மறுபடி போன்.

"எங்க கூரையில நட்சத்திரமா? கன்னியாஸ்திரிங்க தூங்கின அறைங்க சார். வெறும் சுண்ணாம்புதான்" என்றது மடம்.

மாளிகையைக் கேட்டார். "நட்சத்திரம் இருக்கு சார். ஆரஞ்சு மரம்தான் இல்ல. நீரூற்று வேணா இருக்கு."

எதற்கும் இருக்கட்டும் என்று அங்கேயும் ஓர் அறை எடுத்தார். மறுநாள் அவர் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் அறையை உறுதி செய்ய இரண்டு ஓட்டலும் வீட்டுக்கு போன் செய்துவிட்டன.

திரும்பியவரை ரெமெடியோஸ் வாசலிலேயே பிடித்தாள். "ஒரே தேதியில ரெண்டு ஓட்டலாமே? ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு எவளுக்கு?"

"ரெண்டும் உனக்குத்தான்டி!"

"எனக்கு எத்தனை உடம்பு?"

கதவு அவர் மூக்கில் இடிக்காத குறையாகச் சாத்தப்பட்டது.

நேரே அடுத்த தெருவில் நூல்கடை வைத்திருக்கும் மனைவியின் அக்கா காசில்டாவிடம் போய் விழுந்தார்.

"காசில்டா, உன் தங்கச்சிகிட்ட சொல்லிடாத. தேனிலவுக்குப் போன ஓட்டல் எதுன்னு மறந்துட்டேன். மரம் ஒண்ணுல இருக்கு, நட்சத்திரம் இன்னொண்ணுல இருக்கு. எனக்குப் பைத்தியமே பிடிச்சுடும்."

காசில்டா நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பால்கனியில அவ சிரிச்சது மட்டும் அப்படியே கண்ணுல நிக்குது. அதை இன்னொரு தடவை பாத்தாப் போதும்" என்றார் எலாடியோ.

"அட மடையா, கல்யாண விருந்து முடியறதுக்குள்ள அறுவடை வந்துடுச்சுன்னு ஆலைக்கு ஓடினவன் நீ. நீ எங்க தேனிலவுக்குப் போன? ரெண்டு ஓட்டல் படத்தையும் வெச்சுக்கிட்டு, எதுக்குப் போகலாம்னு நாப்பது வருஷமா அவ இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கா!"