இருட்டில் எடுக்கிற கேமரா

படம் எடுப்பதைவிட, எந்தக் கேமராவில் எடுக்கலாம் என்று யோசிப்பதில்தான் சுகம் அதிகம். யோசிக்கும்போது எல்லாப் படமும் நன்றாகவே விழுகிறது. கை நடுங்குவதில்லை. யாரும் கண்ணை மூடுவதில்லை. வாங்கின பிறகுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

அப்படி மாதக்கணக்கில் யோசித்து வாங்கிய கேமராவில் நான் என் அம்மாவின் கல்யாணத்தைப் படம் எடுத்தேன். (அச்சுப்பிழை இல்லை. அம்மாவின் கல்யாணம்தான்.)

அப்பா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அம்மா திருவனந்தபுரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்து, மகளான என்னைப் படிக்கவைத்து, கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றாள். டாக்டர் நடக்கச் சொன்னார். மியூசியம் வளாகத்துக்குக் காலையில் நடக்கப் போனாள். அங்கே சுகுமாரன் சாரும் நடந்துகொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள். பிறகு ஒரே திசையில். ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே அம்மா என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். அந்தத் தோசை கருகியது. வேறு சேதம் ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷம்தான்.

எதிர்ப்பு வந்தது அம்மாவின் தம்பி தாணு மாமாவிடமிருந்து. சொந்த ஊரான நாகர்கோயிலிலிருந்து வந்து இங்கே சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். "இந்த வயசுல இது எதுக்கு? நாகர்கோயில்ல நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மாவை விட்டு ஒரு வாரம்கூட விலகி இருந்தறியாத தம்பி. அவர் கேட்டதைவிட அவர் கேட்காமல் இருந்ததுதான் அம்மாவை வாட்டியது.

கல்யாணத்துக்கு அம்மா வைத்த ஏற்பாடு எளிமையானது. காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. மாலையில் வீட்டில் விளக்கு முன்னால் மாலை மாற்றி, வந்தவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு. டியூப்லைட் வேண்டாம், விளக்கும் ஓரத்தில் ஒரு சின்ன பல்பும் போதும் என்றாள். வருகிறவர்கள் போனை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும்.

"அப்பா வீட்டுக்காரங்க எல்லாத்துக்கும் நானே நேர்ல போய்ச் சொல்லணும் மக்ளே. அதுக்கு முந்தி குடும்ப குரூப்புல என் படம் சுத்தப்பிடாது."

"அப்ப போட்டோவே வேண்டாமாம்மா?"

"நீ எடு. மின்னப்பிடாது, கண்ணு ஆபரேசன் பண்ணுனதுலருந்து எனக்குத் தண்ணியா ஒழுகுது. சத்தம் கேக்கப்பிடாது. யாருக்கும் அனுப்பவும் முடியப்பிடாது."

இந்த மூன்று நிபந்தனைகளையும் கேட்டதும் என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஃபிளாஷ் இல்லாமல், ஓசை இல்லாமல், ஃபிலிமில் எடுக்க வேண்டும். அதாவது ரேஞ்ச்ஃபைண்டர். வேலை நேரத்தில் நான் இணையத்தில் படித்துத் தீர்த்ததெல்லாம் இந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் என்று தோன்றியது. (அம்மா கேட்டது நாலு படம். நான் கேட்டுக்கொண்டது காவியம்.)

ரேஞ்ச்ஃபைண்டர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று நான் யாருக்கும் சுருக்கமாகச் சொல்லவில்லை. இந்தக் கேமராவின் உள்ளே மேலும் கீழும் அடித்துக்கொள்கிற கண்ணாடி கிடையாது. அதனால் சத்தம் குறைவு, அதிர்வும் குறைவு. வெளிச்சம் போதாத இடத்தில் ஷட்டரை மெதுவாக வைத்துக் கையில் பிடித்தபடியே எடுக்கலாம். லென்ஸ் வழியாகப் பார்க்காமல், அதற்கு மேலே பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். ஜன்னலின் நடுவே ஆள் இரண்டு இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று பொருள்.

இந்த மாதிரிக் கேமராக்களைச் சேர்த்து வைத்திருந்தவர் பினு டாக்டர். என் ஆபீஸ் தோழியின் அண்ணன். பேரூர்க்கடையில் பல் ஆஸ்பத்திரி. கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டில் பல்செட்டுகளும் அடுத்த தட்டில் கேமராக்களும் சிரித்துக்கொண்டிருந்தன. நான் போனபோது நாற்காலியில் ஒருவர் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வாய் திறந்து காத்திருந்தார்.

"இருட்டில் எடுக்கணும், அல்லே? அப்போ இருட்டில்தன்னெ நோக்காம்" என்ற டாக்டர் விளக்கை அணைத்து, திரையையும் இழுத்துவிட்டார். நாற்காலிக்காரரிடம் அசைய வேண்டாம் என்று கையைக் காட்டி, "சேட்டா, அனங்காதெ இரிக்கணே. ஒரு போட்டோ" என்றார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு ரஷ்யக் கேமரா. லென்ஸ் அற்புதம் என்றார் டாக்டர். ஜன்னல் சாவித்துவாரம் அளவுதான் இருந்தது. என் மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் பாதி மனிதர்தான் தெரிந்தார். பட்டனை அழுத்தினால் கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம். அம்மாவின் இரண்டாம் நிபந்தனை அங்கேயே அடிபட்டது. அடுத்து ஒரு ஜெர்மன் கேமரா. அதைத் துணி விரித்து வைத்து, நான் மூச்சு விடும்போது அவர் அதைக் கையால் மறைத்துக்கொண்டார். "ஒந்நு காணிச்சதேயுள்ளூ" என்று திரும்ப உள்ளே வைத்தார், காட்டினதே பெரிது என்பது போல.

மூன்றாவது ஒரு ஜப்பான் கேமரா. லென்ஸைக் கழற்ற முடியாது. ஆனால் அது அகலமாகத் திறந்து கிடைக்கிற வெளிச்சத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஜன்னல் தெளிவு. அரையிருட்டிலும் இரண்டு நாற்காலிக்காரர்களும் சுலபமாக ஒன்றானார்கள். சத்தம், யாரோ பக்கத்தில் மெல்லச் சப்புக்கொட்டின மாதிரி. வெளிச்சம் அளக்கிற மீட்டர் மட்டும் செத்துப்போயிருந்தது. அதற்கான பேட்டரி இப்போது வருவதில்லை. "அது சாரமில்ல. கண்மதிப்பு மதி" என்றார் டாக்டர். மீட்டர் வேண்டாம், கண்ணால் அளந்தாலே போதுமாம். கண்மதிப்பு என்கிற சொல் எனக்குப் பெரிய கலைஞர் பட்டம் மாதிரி கேட்டது.

"இது போதும் டாக்டர்."

"நல்ல தேர்வு. வாய் ஒந்நு திறக்கூ, இப்போள் சிரிச்சப்போ ஒரு சொத்தை கண்டு."

கேமராவோடு ஒரு பல்லையும் அடைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு என்னோடு யாராலும் இருக்க முடியவில்லை. சுகுமாரன் சாரின் தங்கை ரமணி ஆன்ட்டி கல்யாண வேலைக்காக வீட்டுக்கு வந்தபோது, அவருக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்னால் ரேஞ்ச்ஃபைண்டரைப் பற்றி வகுப்பு எடுத்தேன். "இது சாதாரண கேமரா இல்ல ஆன்ட்டி. இருட்டில் எடுக்கிறதுக்குன்னே உள்ளது. பாக்க விசித்திரமா இருக்கும், ஆனா இதோட வழி வேற." ஆன்ட்டி மரியாதையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலின் விபரீதம் எனக்கு அப்போது தெரியவில்லை.

கல்யாணத்தன்று மாலை, ஃபிலிமை மாட்டி, சோதனைக்காக அடுக்களையில் தொங்கிய வாழைக்குலையை எடுத்தேன். குழம்பு ஆவி லென்ஸில் படக்கூடாதே என்று உடனே மூடியைப் போட்டேன். அப்போது அம்மா சேலை மடிப்பைப் பிடிக்கக் கூப்பிட்டாள். போனேன்.

பிறகு விளக்கு ஏற்றினார்கள். அந்த வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவைத் தூக்கினேன். மூச்சைப் பிடித்து, ஜன்னலில் இரண்டு அம்மாக்களை ஒன்றாக்கி, அழுத்தினேன். சுகுமாரன் சார் மாலையை எடுத்தார், அழுத்தினேன். அம்மா குனிந்தாள், அழுத்தினேன். மண்டியிட்டேன், ஸ்டூலில் ஏறினேன், ஒருமுறை கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்தும் எடுத்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அர்ப்பணிப்பைக் கண்டு வியக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தாணு மாமா வந்திருந்தார். கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முகத்தில் கடையடைப்பு. அதையும் விடவில்லை, அவருடைய கோபத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் துல்லியமாக ஃபோகஸ் செய்து எடுத்தேன். மாலை மாற்றி முடிந்ததும், "வயிறு சரியில்ல" என்று சாப்பிடாமல் எழுந்து போனார். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அவருக்குப் போட்ட இலையை மட்டும் அம்மா எடுக்கவிடவில்லை.

ஃபிலிமைக் கழுவுவதும் பினு டாக்டர்தான். எக்ஸ்ரே ஃபிலிம் காலத்து இருட்டறையை அவர் இன்னும் கலைக்கவில்லை. கதவைத் திறந்து வந்தபோது அவர் முகம், எல்லாப் பல்லையும் எடுத்தாக வேண்டும் என்று சொல்ல வருகிற முகமாக இருந்தது.

"வாழைக்குலை கலக்கி. கிளாஸ்."

"அப்புறம்?"

"பின்னெ ஒந்நுமில்ல."

ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தார். முதல் கட்டத்தில் வாழைக்குலை, காய்க்குக் காய் அத்தனை கூர்மை. அதற்கப்புறம் கடைசிவரை சுத்தமான வெறும் பிளாஸ்டிக். அதன் வழியாக டாக்டரின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. கேமராவில் கோளாறு இல்லை, ஃபிலிமில் இல்லை, டாக்டரிடமும் இல்லை. அதற்கு வாழைக்குலையே சாட்சி.

என் உத்தியோகம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இந்தத் தப்பைக் கண்டுபிடித்தது நான் இல்லை. வீட்டில் வந்து விழுந்து நான் அழுதபோது ரமணி ஆன்ட்டிதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மோளே, அந்த முன்னால கறுத்த மூடி இருக்குமே, அது எடுக்கணுமோ?"

"எது ஆன்ட்டி?"

"அன்னைக்கு முழுசும் அது போட்டுத்தானே எடுத்தே. இருட்டில் எடுக்கிற கேமரா அல்லே, அதோட வழி அதாயிரிக்கும்னு நினைச்சேன்."

லென்ஸை விட்டு ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும்தான் மூடி தெரியவில்லை. பார்த்தது ஆன்ட்டி மட்டுமில்லை. சுகுமாரன் சாரும் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். நான் போட்ட வகுப்பு அப்படி. மூடியைப் போட்டுப் படமெடுக்கிற அந்த உயர்ந்த கலையைக் கேள்வி கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அம்மா ஃபிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். "ஒண்ணுகூடவா?" என்றாள். பிறகு அதை என்னிடம் நீட்டி, "குலை நல்லா விழுந்திருக்கு" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சுகுமாரன் சார்தான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அதினென்னா, ஒண்ணுகூடிக் கல்யாணம் கழிக்காம். இன்னொரு தடவை, அவ்வளவுதானே. ஆளும் உண்டு, சேலையும் உண்டு. மாலை மட்டும் வாங்கினால் போதும்" என்றார், காப்பி இன்னொரு டம்ளர் குடிக்கலாம் என்கிற தோரணையில்.

மாமாவிடம் யார் சொல்வது? தப்பு செய்தவள்தான். சாலை பஜாரில் மாமாவின் கடைக்குப் போனேன். அண்டாக்களுக்கு நடுவே நின்று விஷயத்தைச் சொன்னேன். மாமா கையிலிருந்த குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணும் விழல்லியா?"

"ஒண்ணும் விழல்ல மாமா."

"நானும் விழல்லியா?"

"நீங்களும்தான்."

துடைப்பதை நிறுத்தினார். வாடிக்கையாளர் ஒருவர் ஏதோ விலை கேட்டார். அவரைக் கையமர்த்தினார்.

"நல்லதாப் போச்சு மக்ளே" என்றார். "அன்னைக்கு வீட்டுக்குப் போய் மூஞ்சி கழுவுறப்போ கண்ணாடியில பாத்தேன் கேட்டியா. எனக்கே பிடிக்கல்ல. அந்த மூஞ்சியோட அக்கா கல்யாணப் படத்துல காலத்துக்கும் இருந்திருப்பேம்லா. நாலு நாளா அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். உங்கிட்ட வந்து அதை மட்டும் கிழிச்சுப் போட்டுருன்னு எப்படிக் கேக்கது?"

மாமா விளக்கைக் கீழே வைத்தார்.

"மறுபடி என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்."

"சாப்பாடு உண்டா?"

"உண்டு மாமா."

"அப்ப, பாயசத்துக்குப் பெரிய உருளி நான் கொண்டாறேன். உங்க வீட்டுல உள்ளது காணாது."

ஞாயிற்றுக்கிழமை உருளியோடு முதல் ஆளாக வந்தார். மாலைகளைத் தானே வாங்கி வந்திருந்தார். ரமணி ஆன்ட்டி லென்ஸ் மூடியை என்னிடமிருந்து பிடுங்கித் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். படம் எடுத்து முடியும்வரை சோறு பரிமாறவும் அந்தக் கையைத் திறக்கவில்லை. நான் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் "மூடி" என்றது. சுகுமாரன் சார் கழுத்தில் மாலை கோணலாக விழுந்தபோது மாமா போய்ச் சரிசெய்தார். சரிசெய்த கையை உடனே எடுக்காமல் அவர் தோளில் வைத்து, "அக்காளுக்குக் காப்பியில சீனி கம்மியா இருக்கணும், பாத்துக்கிடுங்க" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃபிளாஷே இல்லாமல் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது ஆட்கள் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க வேண்டும். எல்லாரும் நின்றார்கள். மாமாவால் முடியவில்லை, யாரையாவது கூப்பிட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். அதனால் அம்மா கூர்மை, சுகுமாரன் சார் கூர்மை, நடுவில் மாமா மட்டும் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு புகை. வேறு நல்ல படங்களும் இருந்தன. அம்மா அதைத்தான் பெரிதாகப் போடச் சொன்னாள்.

என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த எத்தனையோ காரியங்கள் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் தந்ததில்லை. ஆளுக்கு ஆள் பார்த்தும் சொல்லாமல் விட்ட அந்தக் கறுப்பு மூடிக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அந்தப் படத்தின் ஒரு பிரதியை மாமா வாங்கிக்கொண்டு போய்க் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். நாகர்கோயில்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று பயந்தவர், இப்போது நாகர்கோயிலிலிருந்து சரக்கு எடுக்க வருகிறவர்களைத் தானே கூப்பிட்டுக் காட்டுகிறார்.

"எங்க அக்காளுக்கு மூணு கல்யாணம் பாத்துக்கிடுங்க" என்று ஆரம்பிப்பார். வந்தவர் திகைத்து நிற்பார். மாமா படத்திலிருக்கும் புகையைத் தொட்டுக் காட்டி முடிப்பார். "மூணாவதுலதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்."