தாழ்ப்பாளுக்கு ஒரு தலைவர்

கர்ர்ர்... கர்ர்ர்.

இருட்டியதும் கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் வந்துவிடும். யாரோ நிதானமாகத் தேங்காய் துருவுகிற மாதிரி. முள்ளம்பன்றி என்கிறார்கள். போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், மேல் வரிசை வீடுகளில், ஒரு நாயைக் காணோம். முள்ளம்பன்றி நாய் தின்னுமா?

எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இருந்தது துருப்பிடித்து விழுந்துவிட்டது. அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, கைக்குழந்தை விதுர்ஷாவை நெஞ்சில் போட்டுக்கொண்டு விழித்திருப்பேன். விழித்திருப்பதால்தான் எழுதவே தொடங்கினேன். வருகிற திங்கட்கிழமையிலிருந்து என் வீட்டுக்காரர் ரஜீவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை. அதற்குப் பிறகு நானும் பிள்ளையும் அரிசி மூட்டையும்தான்.

ஹாலிஎல டவுனில் ஜுனைதீன் நானாவின் இரும்புக் கடைக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். அடிக்கவும் பார்த்தேன். கான்வெண்டில் பூத்தையல் சொல்லித் தந்தார்கள், ஆணி அடிக்கச் சொல்லித் தரவில்லை. நிலை மரம் கல் மாதிரி, ஆணிதான் வளைந்தது. வீட்டுக்காரர் வந்து அடிக்கட்டும் என்று வைத்தேன். அவரோ பண்டாரவளையில், 'அன்றாட வாழ்வில் தலைமைத்துவம்' என்ற பயிற்சியில் இருந்தார்.

போனது என் புருஷன். திரும்பி வந்தது ஒரு தலைவர்.

"என்னங்க, அந்தத் தாழ்ப்பாள..."

"யசோ, தலைவன் ஆணி அடிக்க மாட்டான். ஆணி அடிக்கிறவங்கள உருவாக்குவான்."

"நீங்க உருவாக்குற வரைக்கும் அது வெளிய காத்துக்கிட்டு இருக்குமாங்க?"

"பயங்கிறது மனசுல இருக்கு."

"எனக்கு அது வாசல்ல நிக்குதுங்க."

மறுநாள் காலை வீட்டிலேயே பெரட்டு வைத்தார். விடிந்ததும் கங்காணி ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பாரே, அதே மாதிரி. ஆட்கள் என்றால் நான்; என் இடுப்பில் விதுர்ஷா.

"சமையல்?" நான். "தண்ணி?" நான். "உடுப்பு?" நான். "குறிக்கோள்?" அது அவர்.

"தாழ்ப்பாள்?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குத் தகுந்த ஆள் இன்னும் அமையல."

வாரம் முழுக்க ஆள் அமையவில்லை. ஞாயிறு அந்திக்கு ஒரு விசேஷப் பெரட்டு வைத்தார். களைத்துப்போய்க் கையைத் தூக்கினேன்.

"நானே அடிக்கிறேங்க. நீங்க நின்னு வழிகாட்டுங்க."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். கலியாணத்தன்றுகூட அப்படி மலரவில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்காவையும் கூப்பிட்டார்.

"வந்து பாருங்கக்கா, ஒரு ஆளை எப்பிடி உருவாக்குறதுன்னு."

அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள். நான் அடித்தேன். நடிக்கத் தேவையே இருக்கவில்லை. முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது பறந்தது.

"சாய்ச்சுப் பிடி, யசோ."

"இப்பிடிங்களா?"

"அவ்வளவு இல்ல. நேரா!"

"சாய்ச்சா, நேராவாங்க? தலைவர் ஒண்ணச் சொல்லுங்க."

புஷ்பம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"என்ன தம்பி, ஒங்க பெரட்டுல வேல இந்த லட்சணமா? நம்ம கங்காணியா இருந்தா அரைநாள் சம்பளத்தோட வெரட்டியிருப்பாரு. ஒங்களையும் சேர்த்து."

அவருக்குக் காது சிவந்தது. நான் மூன்றாவது ஆணியைத் தலைகீழாகப் பிடித்தேன்.

"குடு இங்க!"

சுத்தியலைப் பிடுங்கினார். டக். டக். டக். உலை கொதிக்கும் முன்னே தாழ்ப்பாள் கதவில் உட்கார்ந்துவிட்டது. பிள்ளையை வாங்கிப் போய் உள்ளே கிடத்தினேன். இன்றைக்குத் தூங்கலாம் என்று நினைத்தபோது அழுகைகூட வந்தது.

வெளியே அவர் குரல் கேட்டது.

"பாத்தீங்களாக்கா? யசோவே செஞ்சு முடிச்சிட்டா. நான் வழிதான் காட்டினேன்."

"அப்ப எங்க வீட்டு ஒடஞ்ச ஜன்னலு?"

"நாளைக்கே யசோவ அனுப்புறேன். இந்த லயத்துக்கே இனி அவதான் ஆளு."

நான் எழுந்துபோய், சத்தமில்லாமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

நன்றாகத்தான் அடித்திருக்கிறார். வெளியே நின்று அவரே தள்ளியும் அசையவில்லை.